நூறைத் தாண்டினா பச்சை

"கண்ணு, உன்ற பொட்டி பச்சையாத்தான் காட்டுது. ஆனா கோழி பூராவும் வாயைப் பொளந்துட்டு நிக்குதே?"

2024 மே 3, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ரெண்டே முக்கால் மணி. புதுச்சத்திரத்துல இருந்து மாமா போன். நான் பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்து ஆணி புடுங்கிட்டு இருந்தேன். மறுநாள் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் ஆகாதுங் மாமா, பொட்டி சரியாத்தான் இருக்கும். கோழி கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசிச்சேன். நம்ம பொழப்புல இருக்குறவங்க நெறைய பேர் இங்க படிக்கிறீங்க. பொட்டி தட்டாதவங்களும் படிக்கிறீங்க. ரெண்டு தரப்புக்கும் புரியற மாதிரி எழுதப் பாக்குறேன். புரியலைன்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன் :-)

முதல்ல ஊர்க்கதை

சேலத்துல இருந்து நாமக்கல் போற நாலுவழிச் சாலையில (இப்ப என்.எச். 44, பழைய ஆளுங்களுக்கு என்.எச். 7) ராசிபுரம் பிரிவைத் தாண்டி வந்தா எங்க புதுச்சத்திரம். 1997 ஜனவரி 1 வரைக்கும் நாங்க சேலம் மாவட்டம், அதுக்கப்புறம் நாமக்கல் மாவட்டம். நாமக்கல்னாலே முட்டைதான். ரோட்டுல ரெண்டு பக்கமும் நீள நீளமா ஷெட்டு இருக்கும். காத்து திரும்பி அடிச்சா வாசனையும் வரும். வெளியூர்க்காரங்க மூக்கைப் பொத்துவாங்க, எங்களுக்கு அது காசு வாசனை.

மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) மூணு ஷெட்டு, எட்டாயிரம் கோழி. பெரிய பண்ணை எல்லாம் இல்லீங்க, இந்தப் பக்கத்துக் கணக்குக்கு அது சின்னது. மாமா, அத்தை, ரெண்டு ஆளு, அவ்ளோதான். நான் இன்ஜினியரிங் படிச்சப்ப செமஸ்டர் ஃபீஸ் கட்டினதுல பாதி அந்தக் கோழிங்க போட்ட முட்டைதான். அதனால இதை நான் சும்மா ஒரு 'சைடு ப்ராஜெக்ட்'னு சொல்லித் தப்பிச்சுக்க முடியாது.

கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. அதோட உடம்புச் சூடே கிட்டத்தட்ட 41 டிகிரி செல்சியஸ், அதாவது 106 ஃபாரன்ஹீட். வெளிய சூடு ஏற ஏற, அது வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உள்ள இருக்குற சூட்டை வெளிய தள்ளும். அந்த மூச்சுல ஈரம் ஆவியாகணும், அப்பதான் உடம்பு குளிரும். காத்துல ஏற்கெனவே ஈரம் ரொம்ப இருந்தா ஆவியாகாது. அப்ப எவ்வளவு மூச்சு வாங்கினாலும் வீண். மூச்சு அதிகமா வாங்கினா கரியமில வாயு அதிகமா வெளிய போய், ரத்தத்தோட காரத்தன்மை ஏறி, முட்டை ஓடு மெலிசாயிரும். கோடையில தண்ணியில ஆப்பசோடா கலந்து குடுக்கிறது இதுக்குத்தான்.

நாமக்கல்ல இருக்குற கால்நடை மருத்துவக் கல்லூரி வானிலைக் குறிப்போட சேத்து கோழிப்பண்ணைக்காரங்களுக்கு யோசனையும் சொல்லும், பேப்பர்ல வரும். 'வெப்ப அயர்ச்சி'ன்னு ஒரு வார்த்தை அதுல அடிக்கடி வரும். மாமா அதைக் கத்திரிச்சு தீவன ரூம் சுவத்துல ஒட்டி வச்சிருப்பாரு.

ரெயின்மீட்டர்

பண்ணை ஆபீஸ் ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. கணக்கு எழுத வாங்கினது. பாதி நேரம் சும்மாதான் ஓடிட்டு இருக்கும். அதோட டெஸ்க்டாப்ல ஷெட்டு சூட்டைப் பெரிசாக் காட்டினா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு.

டெஸ்க்டாப் அலங்காரப் பிரியர்களுக்கு ரெயின்மீட்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்ல. மத்தவங்களுக்கு: விண்டோஸ் டெஸ்க்டாப்ல கடிகாரம், பேட்டரி அளவு, வானிலை இப்படி எதை வேணா நம்ம இஷ்டத்துக்கு வரைஞ்சு வச்சுக்கற ஒரு இலவச மென்பொருள். ஓப்பன் சோர்ஸ். கிம்மோ பெக்கோலாங்கறவர் 2001-ல ஆரம்பிச்சது, பிறகு பல பேர் கை வச்சு வளத்தாங்க. யாஹூ விட்ஜெட்ஸ், கூகுள் டெஸ்க்டாப், விண்டோஸ் சைட்பார்னு அந்தக் காலத்துல கூட ஓடினது எல்லாம் மூச்சை நிறுத்திருச்சு. இது மட்டும் இன்னும் ஓடுது.

பேரைச் சொன்னதும் மாமா, "மழை அளக்கறதா கண்ணு?"ன்னு ஆசையாக் கேட்டாரு. இல்லீங் மாமா, பேர்ல மட்டும்தான் மழை.

ரெயின்மீட்டர்ல ஒவ்வொரு அலங்காரத்துக்கும் 'ஸ்கின்'னு பேரு. அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். அதுல மூணு சமாசாரம் முக்கியம். ஒண்ணு, 'மெஷர்': எதையாவது அளந்துட்டு வர்றது. ரெண்டு, 'மீட்டர்': அளந்ததைத் திரையில வரையறது. மூணு, 'வேரியபிள்ஸ்' பகுதி: நிறம், எழுத்து அளவு, எல்லை எண்கள் இதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சுக்கறது. தமிழ்ல எழுத்துக் காட்டணும்னா ஃபைலை யூ.டி.எஃப்-16 எல்.ஈ.யில சேமிக்கணும். இல்லாட்டி திரையில பூச்சி பூச்சியா வரும். எனக்கு ஒரு சாயங்காலம் இதுலயே போச்சு.

ஷெட்டுக்குள்ள ஒரு டி.எச்.டி 22 சென்சார். சூடு, ஈரப்பதம் ரெண்டையும் சொல்லும். அது ஒரு இ.எஸ்.பி 8266 போர்டுல கோத்திருக்கும். அந்த போர்டு வைஃபையில ஒரு குட்டிப் பக்கத்துல ரெண்டு எண்ணையும் காட்டும். ரெயின்மீட்டரோட வெப்பார்சர் அந்தப் பக்கத்தை நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் படிச்சுட்டு வரும். இன்டர்நெட் தேவையில்ல, பண்ணைக்குள்ளயே முடிஞ்சிருது.

ஒரு விஷயத்துல மட்டும் மாமா கறாரா இருந்தாரு. "செல்சியஸ் கில்சியஸ் வேண்டாம். பேப்பர்ல 'வெயில் சதம் அடிச்சது'ன்னு போடறானில்ல, அந்தக் கணக்குல காட்டு." சரின்னு போர்டுலயே ஃபாரன்ஹீட்டா மாத்தி அனுப்பினேன். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கங்க. கதையில திரும்ப வரும்.

ஒரு எண், ஒரு எல்லை

2023 கோடையில முதல் வடிவம். ரொம்ப சிம்பிள். சூடு 95-க்கு மேல போனா சிவப்பு, இல்லாட்டி பச்சை. ரெயின்மீட்டர்ல இதுக்கு ஸ்கிரிப்டே வேண்டாம். 'இஃப்-அபவ்'னு ரெண்டு வரி போதும்.

மாமா ஒரு வாரம் பாத்தாரு. அப்புறம் ஒரு நாள் கோடை மழை பெஞ்சுது. மறுநாள் வெயில். சூடு 91-தான், பேனல் பச்சை. கோழியெல்லாம் எறக்கையை விரிச்சுட்டு மூச்சு வாங்குது. ஈரப்பதம் 75.

கோழி வளர்ப்புக் கையேடுகள்ல ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஃபாரன்ஹீட் சூட்டையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டு. 160-ஐத் தாண்டினா ஆபத்து. 91-ம் 75-ம் 166. ஆக, கோழி சொன்னதுதான் சரி. பேனல் சொன்னது தப்பு.

சரி, கூட்டுத்தொகையை மட்டும் பாத்தாப் போதுமா? போதாது. ஐப்பசி மழை ராத்திரி, சூடு 76, ஈரப்பதம் 92. கூட்டினா 168, சிவப்பு! கோழி பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கிட்டு இருக்கும். அதே மாதிரி அக்னி நட்சத்திர மத்தியானம், சூடு 104, ஈரப்பதம் 25. கூட்டினா 129, பச்சை! அங்க கோழி செத்துட்டு இருக்கும்.

அதனால ஒரு எண்ணை ஒரு எல்லையோட ஒப்பிட்டா வேலைக்கு ஆகாது. கூட்டுத்தொகை 160-ஐத் தாண்டணும், கூடவே சூடு 82-க்கு மேல இருக்கணும். அல்லது, சூடு மட்டுமே 95-ஐத் தாண்டியிருக்கணும். ரெண்டுல எது நடந்தாலும் சிவப்பு. அதுக்குக் கீழ மஞ்சளுக்கு ஒரு தொகுதி. மிச்சம் பச்சை.

இஃப்-கண்டிஷன் படுத்தின பாடு

ரெண்டாவது வடிவத்துல 'இஃப்-கண்டிஷன்' போட்டேன். ஒரு மெஷருக்குக் கீழயே பல மெஷர்களோட பேரை எழுதி, 'அண்ட்' 'ஆர்' போட்டு ஒப்பிடலாம். நல்ல வசதி. சிவப்புக்கு ஒண்ணு, மஞ்சளுக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணுன்னு மூணு எழுதினேன்.

ஒரு விசித்திரம். சாயங்காலம் சூடு இறங்கும். 95-ஐ விட்டு 93-க்கு வரும். மஞ்சள் ஆகணும். ஆகாது. சிவப்பாவே நிக்கும். ஸ்கின்னை ரெஃப்ரெஷ் பண்ணினா மஞ்சள் வரும்.

காரணம் இதுதான். இஃப்-கண்டிஷன் 'பொய்யா இருந்து உண்மையா மாறுற' அந்த நொடியில மட்டும்தான் வேலை செய்யும். நான் மஞ்சளுக்கு '90-க்கு மேல'ன்னு மட்டும் எழுதியிருந்தேன். 97 டிகிரியிலயும் அது உண்மை, 93-லயும் அது உண்மை. நடுவுல மாறவே இல்ல. அதனால அது அசையல. இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, கண்டிஷன்களை ஒண்ணோட ஒண்ணு மோதாம '90-க்கு மேல, ஆனா 95-க்கு மேல இல்ல'ன்னு தெளிவாப் பிரிக்கணும். இல்லாட்டி 'இஃப்-கண்டிஷன்-மோட்' ஒண்ணுன்னு போடணும், அப்ப ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஓடும். நீங்க ரெயின்மீட்டர்ல விளையாடறவங்களா இருந்தா இதைக் குறிச்சு வச்சுக்கங்க, ரெண்டு நாள் மிச்சம்.

நான் பிரிச்சு எழுதினேன். வேலை செஞ்சுது. ஆனா அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி, அதுக்குள்ள அடைப்புக்குறின்னு எனக்கே படிக்க முடியல. மாமா வேற, "பனிக்காலத்துக்கு எல்லை வேற வைக்கணும் கண்ணு, குஞ்சு ஷெட்டுக்கு வேற"ன்னாரு. ஒவ்வொரு தடவையும் பத்து இடத்துல எண்ணை மாத்தணும். சுத்தமா ஒரு ஸ்கிரிப்டா எழுதிறலாம்னு முடிவு பண்ணினேன்.

ஒண்ணு சொல்லணும். அசிங்கமா இருந்தாலும் அந்த ரெண்டாவது வடிவத்துல தப்பு கிடையாது. ரெயின்மீட்டர் தன்னோட கணக்கை எண்ணாத்தான் பண்ணும். 'சுத்தமா' எழுதறேன்னு கிளம்பினதுலதான் வினை வந்துச்சு.

லுவா

ரெயின்மீட்டர்ல ஸ்கிரிப்ட் எழுத லுவா மொழி. 1993-ல பிரேசில்ல, ரியோவுல இருக்குற பல்கலைக்கழகத்துல பொறந்தது. போர்ச்சுகீசிய மொழியில லுவான்னா நிலா. ரொம்பச் சின்ன மொழி. ஸ்கின் கிட்ட போய் 'அந்த மெஷரோட மதிப்பைக் குடு', 'இந்த வேரியபிளைக் குடு'ன்னு கேட்டு வாங்கி, ஒப்பிட்டு, திரும்பி வந்து 'நிறத்தை மாத்து'ன்னு சொல்லலாம்.

2024 மார்ச், ஏப்ரல்ல பெங்களூர் ரூம்ல உக்காந்து எழுதினேன். எல்லைகள் 95, 90, 82 மூணையும் வேரியபிள்ஸ் பகுதியில வச்சேன், மாமாவே மாத்திக்கலாம். 160-ங்கற எண் கையேட்டுல இருந்து வந்தது, யாரும் மாத்தப் போறதில்லைன்னு ஸ்கிரிப்டுக்குள்ளயே எழுதிட்டேன். சூட்டை மெஷர்ல இருந்து எழுத்தா வாங்கினேன். ஏன்னா '97.3'ன்னு வர்றதை அப்படியே திரையிலயும் பெரிசாக் காட்டணும். முப்பத்தஞ்சு வரி. மேல இருந்து கீழ படிச்சா தமிழ் வாக்கியம் மாதிரி புரியும். எனக்கே என்னைப் பிடிச்சுது.

சோதனையும் பண்ணினேன்ங்க. சென்சாரை டேபிள் லேம்ப் கிட்ட வச்சு 97 வரைக்கும் ஏத்தினேன். மஞ்சள், அப்புறம் சிவப்பு. எடுத்தா திரும்ப மஞ்சள், பச்சை. ஈரத்துணி போட்டு ஈரப்பதம் ஏத்தினேன். கூட்டுத்தொகை 160 தாண்டினதும் சிவப்பு. அருமை.

மே 1 லீவுக்கு ஊருக்குப் போனேன். ராத்திரி புது ஸ்கின்னைப் போட்டேன். மறுநாள் வியாழக்கிழமை காலையில பதினொரு மணி வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்தேன். 97-க்கு அழகா சிவப்பு. மாமா தோள்ல தட்டினாரு. பஸ் ஏறிட்டேன். அன்னிக்கு மத்தியானம் மாமா ஒரு விசேஷத்துக்குப் போயிட்டாரு. ஆளு வழக்கம்போல கூரை மேல தண்ணியைத் திறந்து விட்டுட்டான், பேனலை யாரும் பாக்கல.

வெள்ளிக்கிழமை மாமா பேனலைப் பாத்தாரு.

அந்த மத்தியானம்

பதினொன்னரைக்கு சிவப்பு. மாமா கூரைத் தெளிப்பானைத் திறந்து விட்டாரு. பன்னெண்டரை வரைக்கும் சிவப்பு. ஒரு மணி சுமாருக்குப் பச்சை. நல்லா கவனிங்க, மஞ்சள் கூட இல்ல, நேரா பச்சை. மாமா என்ன நினைப்பாரு? 'தண்ணி தெளிச்சது வேலை செஞ்சிருச்சு.' போர்ல தண்ணி கம்மி. குடிக்கிற லைனுக்கும் அதே தொட்டிதான். பச்சை ஆயிருச்சேன்னு தெளிப்பானை நிறுத்திட்டாரு.

பச்சைக்குப் பக்கத்துலயே 102.4-ன்னு பெரிசா எண்ணும் இருந்திருக்கு. மாமா அதையும் பாத்தாரு. "எண்ணு அதிகமாத்தான் இருந்துச்சு கண்ணு. ஆனா ஈரப்பதம் எல்லாம் சேத்துப் பாத்துத்தானே உன் பொட்டி சொல்லுது, அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்."

இதை அவர் கோவமாச் சொல்லல. அதான் இன்னும் மோசம்.

ரெண்டே முக்காலுக்கு எனக்கு போன். நான் சொன்ன பதிலைத்தான் முதல்லயே எழுதிட்டேனே. மூணு மணிக்கு அத்தை போய்ப் பாத்துட்டு ஆளுங்களைக் கூப்பிட்டு, தெளிப்பானைத் திறந்து, கையில பைப்பைப் பிடிச்சு கூண்டுக்குள்ளயே தண்ணி அடிச்சிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள 63 கோழி போயிருச்சு. முக்கால்வாசி மேல் வரிசைக் கூண்டு, கூரைக்குக் கிட்ட இருக்குறது. அத்தை பேனலைப் பாக்கவே இல்ல, கோழியைத்தான் பாத்தாங்க.

என்னதான் ஆச்சு

அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறி காலையில அஞ்சு மணிக்கு இறங்கினேன். சென்சார் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். மாத்திப் பாத்தேன், சென்சார் நல்லா இருக்கு. அப்புறம் சென்சாரைக் கழட்டிட்டு, சூட்டுக்குப் பதிலா நானே எண்ணைக் கையால குடுத்துப் பாத்தேன். 96, சிவப்பு. 98, சிவப்பு. 99.9, சிவப்பு. 100, பச்சை.

ஙே-ன்னு முழிச்சேன். திரும்பக் குடுத்தேன். 101, பச்சை. 105, பச்சை. 115 குடுத்தாலும் பச்சை!

நம்ம ஆளுங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். வேரியபிள்ஸ் பகுதியில இருந்து லுவா வாங்கற எதுவுமே எண் இல்ல, எழுத்து. 95-ன்னு எழுதினாலும் அது 'ஒன்பது அப்புறம் அஞ்சு'ங்கற ரெண்டு எழுத்து. சூட்டையும் நான் எழுத்தாத்தான் வாங்கினேன். ரெண்டு எழுத்துத் தொடரை ஒப்பிடச் சொன்னா லுவா அகராதி வரிசையில ஒப்பிடும். முதல் எழுத்தைப் பாக்கும். '102.4'-ல முதல் எழுத்து 1. '95'-ல முதல் எழுத்து 9. ஒண்ணு சின்னது. முடிஞ்சுது, அதுக்கு மேல பாக்காது. ஆக 102.4, 95-ஐ விடச் சின்னது! உங்க போட்டோ ஃபோல்டர்ல 1, 10, 11, அப்புறம் 2-ன்னு வரிசை வந்து எரிச்சலாகியிருப்பீங்கள்ல, அதே கதைதான்.

இதுல இன்னொரு கொடுமை. கூட்டல் மட்டும் சரியா வேலை செய்யும். லுவாவுல எழுத்தா இருக்குற ரெண்டு எண்களைக் கூட்டினா அதுவே எண்ணா மாத்திக் கூட்டிக்கும். ஒப்பிடும்போது மட்டும் மாத்தாது. அதனால கூட்டுத்தொகை எனக்கு ஒழுங்கா வந்துச்சு, நான் நம்பிட்டேன். ஒரு பக்கம் எண், இன்னொரு பக்கம் எழுத்துன்னு இருந்திருந்தாக் கூட லுவா 'எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட முடியாது'ன்னு கத்தி நின்னிருக்கும். நான் ரெண்டு பக்கமும் எழுத்தா வச்சதால சத்தமே போடாம தப்பான பதிலைச் சொல்லுச்சு.

மாமா பேச்சைக் கேக்காம செல்சியஸ்ல வச்சிருந்தா இந்தப் பிழை ஆயுசுக்கும் வெளிய வந்திருக்காது. 35-ம் 40-ம் ரெண்டும் ரெண்டு இலக்கம், எழுத்தா ஒப்பிட்டாலும் எண்ணா ஒப்பிட்டாலும் ஒரே பதில்தான். பெங்களூர்ல நான் டேபிள் லேம்ப்ல 97-ஓட நிறுத்தாம இன்னும் ரெண்டு நிமிஷம் வச்சிருந்தா வீட்டுலயே மாட்டியிருக்கும். சதம் அடிக்கிற ஊருக்கு எழுதின ஸ்கிரிப்டை சதம் வரைக்கும் சோதிக்கல. வெயில் சதம் அடிச்ச அன்னிக்கு நான் டக் அவுட்.

மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன். கவனமாக் கேட்டாரு. "அப்ப அது முதல் எழுத்தை மட்டும் பாத்துட்டு ஆளை எடை போட்டிருச்சு, அப்படித்தானே?"

ஆமாங் மாமா.

"நம்ம ஜனத்துக்கிட்டக் கத்துக்கிச்சாட்ட இருக்குது" ன்னு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

சரி பண்ணினது

வரிசையாச் சொல்றேன். விட்ஜெட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு உதவும்.

ஒண்ணு. உள்ள வர்ற ஒவ்வொண்ணையும் வாசல்லயே 'டுநம்பர்' போட்டு எண்ணா மாத்திடணும். அதுக்கப்புறம்தான் ஒப்பிடறது எல்லாம். நடுவுல எங்கயாவது மாத்திக்கலாம்னு விட்டா எங்கயாவது ஒண்ணு விட்டுப்போகும். திரையில காட்டறதுக்கு எழுத்து வேணும்னா அதைத் தனி பேர்ல வச்சுக்கணும்.

ரெண்டு. எண்ணா மாத்த முடியலைன்னா (சென்சார் கழண்டிருக்கு, வைஃபை இல்ல) பச்சை காட்டக் கூடாது. முன்னாடி என்கிட்ட மூணு நிறம் இருந்துச்சு, அதுல பச்சை 'மிச்சம் எல்லாம்'ங்கற அர்த்தத்துல இருந்துச்சு. அதாவது ஸ்கிரிப்டுக்கு எது புரியலைன்னாலும் பச்சை! இப்ப நாலாவதா சாம்பல் நிறம். அதுல 'தெரியல'ன்னு தமிழ்ல எழுதியிருக்கும். பச்சைக்கும் இப்ப தனி நிபந்தனை, அதுவும் உறுதியா நிறைவேறினாத்தான் பச்சை.

மூணு. மோசமானதை முதல்ல கேக்கணும். சிவப்பா? இல்லைன்னா மஞ்சளா? இல்லைன்னா பச்சையா? எதுவும் இல்லைன்னா சாம்பல். இந்த வரிசையில எழுதினா இஃப்-கண்டிஷன்ல பட்ட மோதல் பிரச்சினையும் இல்ல.

நாலு. அளவு எவ்வளவு பழசுங்கறதும் ஒரு வேரியபிள்தான். போர்டு ஒவ்வொரு தடவையும் ஒரு வரிசை எண் அனுப்பும். அஞ்சு நிமிஷமா அந்த எண் மாறலைன்னா சாம்பல். கரன்ட் போய் ரவுட்டர் அணைஞ்சாலும் பழைய பச்சை அப்படியே நிக்காது.

அஞ்சு. நிறம் மாறுற ஒவ்வொரு தடவையும் ஏன் மாறுச்சுன்னு லாக்ல ஒரு வரி. 'சூடு 96.1, எல்லை 95, சிவப்பு.' இது முன்னாடியே இருந்திருந்தா '102.4, எல்லை 95, பச்சை'ன்னு ஒரு வரி இருந்திருக்கும், நான் பெங்களூர்ல இருந்தே போன்ல படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

மாமாவோட அட்டவணை

இதெல்லாம் எழுதி முடிச்சப்புறம் சோதிக்கணுமே. இந்தத் தடவை நான் எண் யோசிக்கல. தீவனக் கணக்கு நோட்டுல ஒரு பக்கத்தைக் கிழிச்சு மாமாகிட்டக் குடுத்தேன். "நான் ஒரு சூடும் ஒரு ஈரப்பதமும் சொல்றேன். பொட்டி இல்லாட்டி நீங்க என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க."

சொன்னாருங்க. யோசிக்கவே இல்ல. 76-ம் 92-ம்: "படுதாவை இறக்கி விடுவேன், சாரல் அடிக்கும்." 88-ம் 80-ம்: "மழை விட்ட மறுநாள். ஃபேன் போடணும். தண்ணி தெளிக்கக் கூடாது, ஏற்கெனவே ஈரம்." 97-ம் 40-ம்: "தெளிப்பான். தீவனத்தை விடிகாலைக்கும் பொழுது சாஞ்சதுக்கும் தள்ளிருவேன்." 104-ம் 25-ம்: "நான் வேற எங்கயும் போகமாட்டேன், ஷெட்டுலயே நிப்பேன்."

எனக்கு ஒரு விஷயம் அப்பதான் உறைச்சுது. நான் 'சிவப்பு'ன்னு ஒரே நிறம் வச்சிருந்தேன். மாமா தலைக்குள்ள ரெண்டு சிவப்பு இருக்கு. ஒண்ணுல தண்ணி தெளிக்கணும், இன்னொண்ணுல தெளிக்கவே கூடாது. நான் ரெண்டு எண்ணைக் கூட்டி ஒரே எண்ணாக்கினதுல அந்த வித்தியாசம் காணாமப் போயிருக்கு. 160-ங்கற கணக்கு ஆபத்துன்னு சொல்லும், என்ன பண்ணணும்னு சொல்லாது. முப்பது வருஷமா அந்த மனுஷன் நாலஞ்சு வேரியபிளைச் சேத்து ஒப்பிட்டுட்டுத்தான் இருக்காரு. அதுல பாதிக்கு சென்சாரே கிடையாது. கோழி எறக்கையை எவ்வளவு விரிக்குது, தண்ணிக்கு எத்தனை தடவை வருது, சத்தம் எப்படி இருக்கு.

பதினாலு வரி வந்துச்சு அந்தக் காகிதத்துல. அதை அப்படியே ஸ்கிரிப்டுக்குப் பக்கத்துல ஒரு ஃபைலா வச்சிருக்கேன். ஸ்கிரிப்டுல ஒரு எழுத்து மாத்தினாலும் பதினாலையும் ஓட்டி, மாமா சொன்ன பதில் வருதான்னு பாத்துட்டுத்தான் ஊருக்கு அனுப்பறேன். சிவப்பும் இப்ப ரெண்டாயிருச்சு. 'சிவப்பு, தண்ணி', 'சிவப்பு, காத்து'.

63 கோழிக்கான காசைக் குடுக்கலாம்னு பாத்தேன். மாமா வாங்கல. "வெயில்ல வருஷா வருஷம் போறதுதான் கண்ணு." போறதுதான். ஆனா அந்த 63 வெயில்ல மட்டும் போகலைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

அத்தை மட்டும் ஒண்ணு கேட்டாங்க. பேனலுக்கு அடியில ஒரு வரி சேக்கச் சொன்னாங்க. சேத்துட்டேன். எந்த நிறமா இருந்தாலும் அந்த வரி மாறாது: 'ஒருக்கா போய்க் கோழியைப் பாருங்க.'

போன வருஷம் கோடையில ஒரு மத்தியானம், ஒரு மணி இருக்கும், மீட்டிங் நடுவுல மாமா போன். பதறி எடுத்தேன்.

"கண்ணு, 100.4. சிவப்பு, தண்ணி." 

வச்சுட்டாரு.

பி.கு: ஸ்கின் ஃபைல் வேணுங்கறவங்க சொல்லுங்க, தர்றேன். ஆனா அந்தப் பதினாலு வரியை உங்க ஊர்க் கோழிக்கு ஏத்த மாதிரி, உங்க வீட்டு மாமாகிட்டக் கேட்டு நீங்களே எழுதிக்கங்க :-)